எந்தச் சண்டைக்குக் கோர்ட் வாசல் திறக்கும்?

1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் சேர்ந்து அளித்த தீர்ப்பு ஒன்று தமிழ்நாட்டையே உலுக்கியது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியல் சாசனத்தில் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் 15(4) பிரிவு பிறந்தது. இது ஊரறிந்த வரலாறு.

அந்த வழக்கின் உள்ளே இருக்கும் ஒரு சின்ன விவரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வழக்குக்குப் பெயர் தந்த செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்துப் பார்த்தார், தன் சமூகத்துக்கான பங்கில் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டார், நேராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டார். இடம் கேட்காத ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆனால் அரசுத் தரப்பு அதை எழுப்பவில்லை. கூடவே விசாரிக்கப்பட்ட இன்னொரு மனுவில், சீனிவாசன் என்ற மாணவர் பொறியியல் கல்லூரிக்கு முறைப்படி விண்ணப்பித்திருந்தார். ஆகவே அரசாணை செல்லுமா என்ற கேள்விக்கு எப்படியும் பதில் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் ஒரு எச்சரிக்கையைப் பதிவு செய்தது: விண்ணப்பமே செய்யாமல், உரிமை பறிபோனதாகச் சொல்லிக் கோர்ட்டுக்கு வருவதை நாங்கள் ஏற்றுக்கொண்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாட்டின் அரசியல் சாசனத்தையே மாற்ற வைத்த வழக்கிலும், நீதிபதிகளின் கண் முதலில் போன இடங்களில் ஒன்று இது. யார் வந்திருக்கிறார், அவருக்கு என்ன நேர்ந்தது, அதைச் சட்டத்தின் கோலால் அளக்க முடியுமா, அளந்து சொன்னால் அது நடக்குமா? வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு முன்னால் வரும் கேள்விகள் இவை. பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்திலேயே நிற்கின்றன அல்லது விழுகின்றன. ஆனால் செய்தித்தாளில் 'மனு தள்ளுபடி' என்ற இரண்டு வார்த்தைதான் வரும். மனுதாரர் சொன்னது பொய் என்றுதான் வாசகர் நினைத்துக்கொள்வார். பல நேரங்களில் கோர்ட் சொன்னது வேறு: இதை நாங்கள் தீர்மானிக்க முடியாது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தச் சோதனை நீதிபதியின் முன் தொடங்குவதில்லை. மனுவைத் தாக்கல் செய்ததும் அதற்கு ஓர் எஸ்.ஆர். எண் விழும். அது வழக்கு எண் அல்ல. பதிவுத் துறையினர் காகிதத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள்: கோர்ட் கட்டணம் சரியா, காலக்கெடு தாண்டிவிட்டதா, மனுதாரருக்கு இதில் என்ன சம்பந்தம், இந்த விவகாரத்துக்கென்று தனித் தீர்ப்பாயம் இருக்கிறதா? குறை இருந்தால் 'ரிட்டர்ன்' போட்டு வக்கீலிடமே திருப்பிவிடுவார்கள். வக்கீல் விளக்கம் எழுதி மறுபடி கொடுப்பார். அப்போதும் ஐயம் தீரவில்லையென்றால் எண் தராமலேயே நீதிபதி முன் 'மெயின்டெய்னபிலிட்டி'க்காகப் பட்டியலிடுவார்கள். வழக்கு நிற்குமா என்பதற்கே ஒரு விசாரணை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்கூடப் போகாமல், எஸ்.ஆர். எண்ணோடே முடிந்துபோகும் மனுக்கள் உண்டு.

சிவில் வழக்குகளுக்கு இந்த வாசலை வகுத்திருப்பது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதன் 9-ஆவது பிரிவு தாராளமானது. வேறு சட்டம் தடுக்காதவரை, உரிமையியல் தன்மை கொண்ட எந்த வழக்கையும் சிவில் கோர்ட் விசாரிக்கலாம் என்கிறது. சொத்துக்கோ பதவிக்கோ உள்ள உரிமை, மதச் சடங்கு பற்றிய கேள்வியைச் சார்ந்திருந்தாலும் அது உரிமையியல் வழக்குதான் என்று அதற்கு விளக்கமும் தருகிறது. கோயில்கள் நிறைந்த நம் ஊரில் இந்த விளக்கத்துக்கு வேலை அதிகம். யாருக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம், யார் கையில் முதல் தீர்த்தம் என்ற சண்டைகள் நூறாண்டுகளுக்கும் மேலாகக் கோர்ட் படி ஏறியிருக்கின்றன. ஆழ்வார்திருநகரி கோயிலில் முதல் தீர்த்தம் பற்றி இரண்டு ஜீயர்களுக்கு இடையே எழுந்த வழக்கு 1961-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே உறுதியான விதி எளிமையானது. கோயிலில் ஒருவர் ஒரு பதவி வகிக்கிறார், அந்தப் பதவியோடு ஒட்டிய ஊதியம்போல மரியாதை வருகிறது என்றால், பதவி சட்டம் அறிந்த உரிமை, கோர்ட் கேட்கும். வெறும் மரியாதை மட்டும் வேண்டும் என்றால் கோர்ட் கேட்காது.

பட்டவருக்கு அந்த அவமானம் எத்தனை பெரியது என்பதைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். திருவிழாவில் ஒரு குடும்பத்தைத் தாண்டிப் பரிவட்டம் போய்விட்டால் தலைமுறைக்கும் பகை மிஞ்சும். ஆனாலும் வலியின் அளவு கோர்ட்டுக்கு அளவுகோல் ஆகாது. அந்த வலிக்குப் பின்னால் சட்டம் பெயர் வைத்த ஓர் உரிமை இருக்க வேண்டும்.

உரிமை பறிபோனவர்தான் வர வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் 1970-களின் இறுதியில் தளர்த்தின. பீகார் சிறைகளில், சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டி விசாரணைக் கைதிகள் அடைபட்டுக் கிடந்தார்கள். அதைப் பற்றிய நாளிதழ்க் கட்டுரைகளை வைத்துக்கொண்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். அவர் கைதியுமல்ல, கைதியின் உறவினருமல்ல. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் வந்த உத்தரவுகளால் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள். திகார் சிறையில் சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1981 டிசம்பரில் எஸ்.பி. குப்தா வழக்கில் இந்தத் தளர்வு கொள்கையாகவே வகுக்கப்பட்டது: வறுமையாலோ இயலாமையாலோ கோர்ட்டுக்கு வர முடியாதவர்களுக்காக, நல்லெண்ணம் கொண்ட யாரும் வரலாம்.

பொதுநல வழக்குகளின் பெயரால் சொந்தப் பகையும் விளம்பர ஆசையும் உள்ளே நுழைந்துவிட்டதாக நீதிபதிகளே பலமுறை கடிந்திருக்கிறார்கள், அபராதமும் விதித்திருக்கிறார்கள். அதற்காக அந்த வாசலைக் குறுக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் பீகார் சிறைகளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். தன் பெயரில் வழக்குப் போடத் தெரியாமல், முடியாமல் உள்ளே கிடந்தவர்களுக்கு வேறு எந்த வழி இருந்தது?

ஆள் சரி, உரிமையும் சரி. அடுத்தது அளவுகோல். இங்கேதான் விஷயம் கடினமாகிறது.

பாபர் மசூதி இடிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குப் பிறகு, 1993 ஜனவரியில், குடியரசுத் தலைவர் அரசியல் சாசனத்தின் 143-ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த இடத்தில் மசூதிக்கு முன்னால் ஒரு கோயிலோ இந்து சமயக் கட்டடமோ இருந்ததா? 1994 அக்டோபர் 24 அன்று ஐந்து நீதிபதிகளும் பதில் சொல்ல மறுத்தார்கள். பெரும்பான்மையினர், நின்றுபோயிருந்த நில வழக்குகள் உயிர் பெற்றுவிட்டதால் கேள்வி தேவையற்றது என்று திருப்பி அனுப்பினார்கள். சிறுபான்மைத் தீர்ப்பு இன்னும் கடுமையானது. தொல்லியலையும் வரலாற்றையும் எடைபோடும் ஆயத்தம் நீதிமன்றத்துக்கு இல்லை என்பதையும் அது காரணமாகச் சொன்னது.

அதே மண்ணைப் பற்றி 2019 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2.77 ஏக்கர் நிலம். ஆனால் அப்போது மேசை மேல் இருந்தது வேறு கேள்வி. யாருக்கு அனுபோகம், யாருக்கு உடைமை, யார் எவ்வளவு காலம் எந்தப் பகுதியை வைத்திருந்தார்கள் என்பவை சிவில் கோர்ட்டின் அன்றாடக் கேள்விகள். நம்பிக்கையை வைத்து உரிமை மூலத்தை முடிவு செய்ய முடியாது, சாட்சியத்தை வைத்தே செய்ய முடியும் என்று அத்தீர்ப்பே சொன்னது. அதன் முடிவைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் இன்றும் கடுமையாக முரண்படுகிறார்கள். ஆனால் கேள்வியின் வடிவம் மாறியதும் கோர்ட்டின் நிலை மாறியதை இங்கே தெளிவாகப் பார்க்கலாம். வரலாற்றில் என்ன நடந்தது என்று கேட்டபோது ஒதுங்கிய நீதிமன்றத்துக்கு, இந்த நிலம் யாருடையது என்று கேட்டபோது ஒதுங்க இடமில்லை.

ஜல்லிக்கட்டு இதற்கு இன்னும் நெருக்கமான உதாரணம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது, காளைகளுக்கு நேரும் துன்பத்தைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தவில்லை. அது தமிழர் மரபா, பண்பாடா என்ற கேள்விக்குள்ளும் இறங்கி, அந்த வாதத்தை நிராகரித்தது. தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பில் பெரும்பங்கு அந்த வரிகளுக்கு எதிரானது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட இளைஞர்கள் விலங்குவதைச் சட்டத்தின் உட்பிரிவுகளுக்காக வரவில்லை. பிறகு சட்டமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதை எதிர்த்த வழக்கில் 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு சொன்னது முக்கியமானது: ஜல்லிக்கட்டு தமிழர் பண்பாட்டின் பகுதியா என்பதற்குச் சமய, பண்பாட்டு, சமூக ஆய்வு விரிவாகத் தேவை, அது நீதிமன்றம் செய்யக்கூடிய வேலையல்ல, சட்டமன்றம் அதை மரபு என்று முடிவு செய்திருக்கும்போது நாங்கள் வேறு முடிவுக்கு வர மாட்டோம்.

ஒன்பது ஆண்டுகளில் ஒரே நீதிமன்றம், ஒரே கேள்வி, இரண்டு நிலைகள். 2023-இன் நிலையே சரி. விலங்குவதைச் சட்டம் என்ன சொல்கிறது, மாநிலத் திருத்தம் அதை மீறுகிறதா, துன்பம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அளக்க நீதிபதியிடம் கோல் இருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் மரபு எது என்று அளக்க, இரண்டு தரப்பின் பிரமாணப் பத்திரங்களை மட்டும் கையில் வைத்திருக்கும் நீதிபதியிடம் கோல் இல்லை.

ஆனால் அளக்க முடியாது என்று கோர்ட் ஒதுங்கினால், தகராறு போய்விடுமா? போகாது. காவிரியை எடுத்துக்கொள்வோம்.

அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் நதிநீர்த் தகராறைத் தனியாகப் பிரித்தே வைத்தார்கள். மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறில் உச்ச நீதிமன்றம் உட்பட எந்த நீதிமன்றமும் தலையிடக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது 262-ஆவது பிரிவு. 1956-ஆம் ஆண்டின் நதிநீர்த் தகராறு சட்டத்தின் 11-ஆவது பிரிவு அப்படியே தடுத்தது. காரணம் விளங்காதது அல்ல. நிலத்தகராறில் எல்லைக்கல் நட்டால் நட்டதுதான். ஆறு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. குடகில் மழை எவ்வளவு, கிருஷ்ணராஜசாகருக்கு வரத்து எவ்வளவு, மேட்டூரை ஜூன் 12-இல் திறக்க முடியுமா, குறுவைக்குத் தண்ணீர் போதுமா, சம்பாவுக்கு மிஞ்சுமா என்ற கணக்கெல்லாம் ஒரு தீர்ப்போடு முடிவதில்லை. மாதா மாதம் பார்க்க வேண்டும். பற்றாக்குறை ஆண்டில் பற்றாக்குறையையும் பங்கிட வேண்டும்.

சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையில் 1892-இலும் 1924-இலும் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. இரண்டாவது ஒப்பந்தத்தின் 50 ஆண்டுக் காலம் 1974-இல் முடிந்தது. பேச்சுவார்த்தைகள் சுற்றிச் சுற்றி வந்தன. தமிழ்நாடு நடுவர் மன்றம் கேட்டது. மத்திய அரசு அமைக்கவில்லை. ஆக, நீதிமன்றத்தின் கதவைச் சட்டம் மூடியிருந்தது. நடுவர் மன்றத்தின் கதவை அரசு திறக்கவில்லை. டெல்டா விவசாயிகள் இரண்டு மூடிய கதவுகளுக்கு நடுவில் நின்றார்கள்.

1983-இல் தமிழக விவசாயிகள் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டது. கேட்ட விதத்தில்தான் அதன் திறமை இருந்தது. எங்களுக்கு இத்தனை டி.எம்.சி. தண்ணீர் தாருங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தால் 11-ஆவது பிரிவு குறுக்கே வந்து நின்றிருக்கும். பேசித் தீர்க்க முடியாத தகராறு என்று தெரிந்தால் நடுவர் மன்றம் அமைக்க வேண்டியது மத்திய அரசின் சட்டக் கடமை, அந்தக் கடமையைச் செய்யச் சொல்லுங்கள் என்றார்கள். தண்ணீரைப் பங்கிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. கடமையைச் செய்யாத அரசைச் செய்யச் சொல்ல அதிகாரம் உண்டு. 1990 மே 4 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு மாதக் கெடு விதித்தது. ஜூன் 2 அன்று காவிரி நடுவர் மன்றம் அமைந்தது.

சட்டக் கல்லூரியில் மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய வழக்கு இது. ஒரு தகராறு கோர்ட்டுக்கு உரியதா என்பது தகராறின் பெயரில் மட்டும் இல்லை, அதற்குள் எந்தக் கேள்வியைப் பிடித்துத் தூக்குகிறோம் என்பதிலும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை எல்லோருக்கும் தெரிந்த துயரக் கதை. 1991 ஜூனில் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தர வேண்டும் என்று நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பளித்தது. அதை முடக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் அந்த அவசரச் சட்டம் சாசனத்துக்கு முரணானது என்றது. ஒரு மாநிலம் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியுமா என்பது தெளிவான சட்டக் கேள்வி. அதற்கு நீரியல் நிபுணர் தேவையில்லை. 2007 பிப்ரவரி 5 அன்று வந்த இறுதித் தீர்ப்பு 740 டி.எம்.சி.யில் தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கிட்டது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மாநிலங்கள் மேல்முறையீட்டுக்கு வந்தபோது, 11-ஆவது பிரிவு மறுபடி பேச்சுக்கு வந்தது. மேல்முறையீடே செல்லாது என்றது மத்திய அரசு. 2016 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதல் சுற்றிலேயே தகராறை இங்கே கொண்டுவரத்தான் தடை, நடுவர் மன்றம் முடிவு சொன்ன பிறகு அதைச் சரிபார்க்கும் எங்கள் அதிகாரம் போகவில்லை என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டின் பங்கு 404.25 டி.எம்.சி. ஆனது, பிலிகுண்டுலுவில் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய அளவு 192-இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது.

நடுவே 2016 செப்டம்பரில் நடந்ததைப் பார்த்தால் நதிநீரைச் சாசனம் ஏன் தனியாக வைத்தது என்று புரியும். செப்டம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம், பத்து நாளைக்கு நொடிக்கு 15,000 கன அடி திறக்க உத்தரவிட்டது. ஒரு வாரத்தில் அதை 12,000 ஆகக் குறைத்தது. பெங்களூருவில் பேருந்துகள் எரிந்தன. அணையின் மதகை எத்தனை நாள், எவ்வளவு திறப்பது என்று டெல்லியில் உட்கார்ந்து நீதிபதிகள் சொல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? இறுதித் தீர்ப்பு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும், 2013-இல் அது அரசிதழில் வெளியாகியும், அதை நிறைவேற்றும் நிரந்தர அமைப்பு உருவாகவில்லை. பொறியாளர்கள் உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருந்ததால் நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 2018 ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. 2023 செப்டம்பரில் நொடிக்கு 5,000 கன அடி திறக்க ஆணையம் உத்தரவிட்டு, அதை எதிர்த்து வழக்கு வந்தபோது, நிபுணர்கள் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள், நாங்கள் தலையிட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் விலகிக்கொண்டது. முன்பு அது விலகியிருந்தால் தஞ்சை விவசாயிக்குப் போக்கிடம் இல்லை. இப்போது இருக்கிறது, குறையோடு என்றாலும்.

கோர்ட் விலகுவது சரியா தவறா என்பதை இந்த ஒன்றை வைத்தே பார்க்க வேண்டும். விலகும்போது, கேட்க வேறொருவர் உண்மையிலேயே இருக்கிறாரா?

தீர்ப்பைத் தள்ளிப்போட்டே ஒரு வழக்கைக் கோர்ட்டுக்கு உரியதாக இல்லாமல் ஆக்கிவிடவும் முடியும் என்பதை 500, 1,000 ரூபாய் நோட்டு வழக்கு காட்டுகிறது. 2016 நவம்பர் 8 இரவு, அந்த நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் கேள்விகளைத் தொகுத்து அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. அந்த அமர்வு கூடி விசாரிக்க 2022 ஆகிவிட்டது. அப்போது மத்திய அரசு, நோட்டுகள் மாறி ஆண்டுகள் ஆகிவிட்டன, இனி எதையும் திருப்ப முடியாது, இது வெறும் ஏட்டுக் கேள்வி என்றது. பயனற்றுப்போன வழக்கைக் கோர்ட் கேட்பதில்லை என்ற விதி பழையது, நியாயமானதும்கூட. ஆனால் இங்கே வழக்கை ஏட்டுக் கேள்வியாக ஆக்கியதே தாமதம்தான். நல்லவேளையாக ஐந்து நீதிபதிகளும் அந்த வாதத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2023 ஜனவரி 2 அன்று நால்வர் நடவடிக்கை செல்லும் என்றார்கள். நீதிபதி நாகரத்னா, நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் இப்படிச் செய்தது சட்டவிரோதம் என்று மாறுபட்டு எழுதினார். வங்கி வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு அதனால் எந்த நிவாரணமும் இல்லை. அடுத்து ஓர் அரசு இப்படி நினைக்கும்போது எதிரில் வைக்க ஒரு வாதம் மட்டும் ஏட்டில் ஏறியிருக்கிறது.

எல்லை ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. அரசியல் சாசனத்தின் நான்காம் பகுதியில் அரசுக்கான வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. அயர்லாந்தின் சாசனத்தைப் பார்த்து எடுத்துக்கொண்ட யோசனை அது. அவை ஆட்சிக்கு அடிப்படை, ஆனால் எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாதவை என்று 37-ஆவது பிரிவு சொல்கிறது. 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி, அதுவும் பத்தாண்டுக்குள், என்ற வாக்குறுதி அந்தப் பட்டியலில்தான் இருந்தது. 1960 வந்தது, போனது. பள்ளி இல்லாத ஊரின் தந்தை கோர்ட்டுக்குப் போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். 1992-இல் கர்நாடகக் கல்லூரிகளின் நன்கொடைக் கட்டணத்தை எதிர்த்த மோகினி ஜெயின் வழக்கிலும், மறு ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கிலும், உயிர் வாழும் உரிமைக்குள் கல்வியும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கண்டது. 2002-இல் 86-ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக எழுதியது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. வழக்காட முடியாத நம்பிக்கையாக எழுதப்பட்ட ஒன்று, அறுபது ஆண்டுகளில், ஆறு வயதுக் குழந்தையின் பெயரில் வழக்காடக்கூடிய உரிமையாகிவிட்டது.

அரசியல் வாடை அடித்தாலே கோர்ட் ஒதுங்க வேண்டும் என்ற வாதமும் இப்படித்தான் கரைந்தது. மாநில ஆட்சிகளைக் கலைக்கும் 356-ஆவது பிரிவை மத்திய அரசு எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று இருந்த காலத்தில், தமிழ்நாடு 1976-இலும் 1991-இலும் ஆட்சிக் கலைப்பைக் கண்டது. 1994 மார்ச் 11 அன்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அமைச்சரவை குடியரசுத் தலைவருக்கு என்ன ஆலோசனை சொன்னது என்று கேட்க முடியாவிட்டாலும், கலைப்புக்கு ஆதாரமாக என்ன இருந்தது என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்றது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதை ராஜ்பவனில் எண்ணக் கூடாது, சட்டமன்றத்தில் எண்ண வேண்டும் என்றும் சொன்னது. ஆட்சி நல்லதா கெட்டதா என்ற அரசியல் கேள்வியை அந்த அமர்வு தொடவே இல்லை. ஆதாரம் உண்டா இல்லையா என்பதைத் தொட்டது.

இப்போது அந்த எல்லைக்கோட்டின் மேல் நிற்பவர் ஆளுநர். தமிழ்நாடு சட்டமன்றம் 2020-க்கும் 2023-க்கும் இடையில் நிறைவேற்றிய மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் தேங்கின. 2023 நவம்பர் 13 அன்று 10 மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் மறுத்தார். 18-ஆம் தேதி சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றியது. 28-ஆம் தேதி ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்தச் செயல் சட்டவிரோதம் என்றது. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வகுத்தது. 10 மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று அறிவித்தது. மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள்: சாசனத்தில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறை கிடையாது, ஆளுநரின் முடிவு சரியா என்று கோர்ட் பார்க்காது. ஆனால் எந்தக் காரணமும் சொல்லாமல், முடிவே எடுக்காமல் நீண்ட காலம் வைத்திருந்தால், ஏதாவது ஒரு முடிவை எடுங்கள் என்று மட்டும் உத்தரவிடலாம்.

என்ன முடிவு என்பது ஆளுநருடையது, முடிவெடுப்பது கடமை என்ற இந்தப் பிரிப்பு கொள்கையளவில் தெளிவானது. 1990-இல் காவிரி விவசாயிகளுக்கு வழி திறந்ததும் இதே பிரிப்புதான். நடைமுறையில் சுமை முழுவதும் மாநிலத்தின் தலையில் விழுகிறது. எவ்வளவு காலம் போனால் 'நீண்ட காலம்'? ஆறு மாதமா, ஓராண்டா? ஆளுநர் ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டால் அது செயலின்மையிலிருந்து அவரைக் காப்பாற்றிவிடுமா? ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனியாகக் கோர்ட் படி ஏற வேண்டுமா? மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய மசோதாவுக்குக் கோர்ட்டைத் தவிர வேறு போக்கிடம் எதையும் சாசனம் காட்டவில்லை. இந்த நிலையில் நாளை ஒரு மாநிலம் இத்தகைய மனுவோடு வரும்போது, எத்தனை மாதத் தாமதம், இடையில் எத்தனை கடிதப் போக்குவரத்து, ஆளுநர் மாளிகை எந்தத் தேதியில் என்ன பதில் சொன்னது என்ற அட்டவணையைத்தான் நீதிபதிகள் முதலில் கேட்பார்கள்.